சீழ் பிடித்த விரல்

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லாமல் விடுவது சாதாரணக் குற்றமில்லை. வாய் நிறையச் சோறு இருந்தாலும் அதை விழுங்கிவிட்டு முதலில் 'வாங்க' சொல்ல வேண்டும். சண்டைக்கு வந்தவரைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்று உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் சண்டையை ஆரம்பிப்போம். அப்படிப்பட்ட ஊரில், ஏறக்குறைய ஒரு வருஷம், என் வீட்டுக் கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, வந்த ஒறம்பரை அத்தனை பேரையும் 'வராதீங்க' என்று திருப்பி அனுப்பியவள் நான். சொந்தபந்தத்தை நாங்கள் ஒறம்பரை என்போம். அந்த ஒறம்பரை கூடும் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் என் கேட்டைப் பற்றிப் பேசுகிறார்களாம். நன்றாகப் பேசட்டும். எனக்கு அதில் துளி வருத்தமில்லை. பெருமைதான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பீஸ்களை விரித்துப் போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குவது எங்கள் பிரிவின் வேலை. பல வருஷம் இதே வேலை பார்த்ததில் கண் அப்படியே பழகிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால் பொண்ணுடைய ரவிக்கையில் விட்டுப்போன தையல்தான் எனக்குத் தெரியும். "எங்கக்கா கண்ணுல பட்டா சாமியே ரிஜெக்ட்தான்" என்பான் என் தம்பி.

அவன் சோமனூரில் தறி ஓட்டுகிறான். வீடும் தறிக்கூடமும் ஒரே காம்பவுண்டுக்குள். தறிச் சத்தம் நின்றால்தான் அவனுக்குத் தூக்கம் கலையும். எனக்குக் கல்யாணமாகி அவிநாசிக்கு வந்த பிறகும் எங்களுக்குள் வாய்ச்சண்டை ஓய்ந்ததில்லை. நான் கிழக்கு என்றால் அவன் மேற்கு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடையில் ஒரு சேலையை ஒத்த மனசாக எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

அவனுக்கு வந்த சீக்கு முதலில் காய்ச்சல் மாதிரிதான் வந்தது. காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது. தொண்டையில் புண். பிறகு தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போன தழும்புகள். "தறியில இடிச்சுக்கிட்டேன்" என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான். பல் துலக்கினால் ஈறிலிருந்து நிற்காமல் ரத்தம் வந்த அன்றைக்குத்தான் அவன் மனைவி பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். சோமனூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே, "கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, இன்னைக்கே" என்றார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளே இருந்ததை எடுத்துப் பார்த்தார்கள். எங்களுக்கு வாய்த்த டாக்டர் ஒரு அம்மா. நிதானமாகப் பேசக்கூடியவர்.

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்குதுங்க. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்த உறைய வெக்கிற அணு, எல்லாம் தயாராகறது அங்கதான். உங்க தம்பிக்கு அந்த இடத்துல வேலையே நடக்கலீங்க."

தம்பி படுத்துக்கொண்டே கேட்டான். "ஸ்ட்ரைக்குங்களா டாக்டர்?"

"ஸ்ட்ரைக்குனா பேசி முடிச்சரலாமுங்க. இது கம்பெனியையே பூட்டிட்டாங்க."

அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ரத்தம் குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாம். வெள்ளையணு இல்லாத உடம்புக்குத்தான் ஆபத்து என்றார். சும்மா காற்றில் கிடக்கிற, நமக்கு ஒன்றுமே செய்யாத கிருமிகூட அவனைக் கொன்றுவிடலாம். அன்றைக்குத்தான் நம் உடம்பு நம்மை எப்படிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதையே நான் முதல்முதலாக யோசித்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கையாலேயே ஸ்டாண்டில் இறங்கி பஜ்ஜி தின்றிருக்கிறேன். சாணி அள்ளிய கையைப் பேருக்குக் கழுவிவிட்டுச் சோறு உருட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் குத்துக்கல்லாட்டம் இருப்பது நம் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். இல்லை. தோல் ஒரு கேட்டு மாதிரி நிற்கிறது. மூக்கில் இருக்கிற முடியும் சளியும் வந்ததைப் பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. கண்ணீரும் எச்சிலும் கழுவித் தள்ளுகின்றன. வயிற்றில் சுரக்கிற அமிலம் விழுங்கியதைக் கருக்குகிறது. இத்தனையும் தாண்டி உள்ளே நுழைந்தவனை வெள்ளையணுக்கள் மோப்பம் பிடித்து, 'இவன் நம்ம ஆளில்லை' என்று கண்டுபிடித்து ஒழித்துக்கட்டுகின்றன. கேட்கக் கேட்க, இது நம்ம செக்கிங் வேலைதானே என்று தோன்றியது. என்ன, அவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குக்கூட பிரேக் கிடையாது.

வேறொருவருடைய மஜ்ஜையின் அணுக்களைக் கொண்டுபோய் இவன் எலும்பில் குடிவைப்பது ஒன்றுதான் வழி என்றார் டாக்டர். அந்த அணுக்கள் இவனுக்குப் பொருந்த வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் பொருந்துவதே நாலில் ஒரு பங்கு வாய்ப்புதானாம். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முழுசாகப் பொருந்தியது. பார்த்த இடமெல்லாம் பொருத்தம். ஒன்றுகூட விலகவில்லை.

என் வீட்டுக்காரர் டாக்டர் முன்னாலேயே சிரித்துவிட்டார். "ஏனுங்க டாக்டர், நல்லாப் பாத்தீங்களா? இவங்க ரெண்டு பேரும் பொறந்ததிலிருந்து ஒரு விசயத்துலகூட ஒத்துப்போனதில்லீங்க." தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சொல்வார்களே, எனக்கும் தம்பிக்கும் அது எலும்புக்குள்ளேயே ஆடியிருக்கிறது. நான் அழவில்லை. நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரே வந்த முன்பின் தெரியாத அம்மாளை நிறுத்தி, "என் தம்பிக்கு எனக்கு முழுப் பொருத்தமுங்க" என்று சொன்னேன். அவர் ஜாதகம் என்று நினைத்தாரோ என்னமோ, திருதிருவென்று பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவளைக் கூட வைத்துச் செய்கிற சீர் அது. பொண்டாட்டி வந்துவிட்டதால் பொறந்தவளை விட்டுவிடக்கூடாது என்பதற்காகச் செய்வது. தம்பி கல்யாணத்தில் அதைச் செய்தபோது, வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்பதில்தான் என் கவனம் இருந்தது. அந்தச் சீருக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

என் மஜ்ஜையிலிருந்து அணுக்கள் ரத்தத்துக்கு இறங்கி வருவதற்காகச் சில நாட்கள் ஊசி போட்டார்கள். இடுப்பும் முதுகும் குடைந்தன. "உள்ள வழக்கத்தவிட நெறைய உற்பத்தி ஆகுதுங்க, அதனால வலிக்கும்" என்றார்கள். ஷிப்மென்ட்டுக்கு முந்தின வாரம் எங்கள் கம்பெனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஓவர்டைம் ஓடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை மெஷினுக்குள் விட்டு, வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த கை வழியாக எனக்கே திருப்பி ஏற்றினார்கள். பல மணி நேரம் படுத்திருந்தேன். கடைசியில் பார்த்தால், தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சின்னப் பை. இவ்வளவுதானா என்றிருந்தது.

தம்பி அதற்குள் கண்ணாடி அறைக்குப் போயிருந்தான். அவன் உடம்பில் மிச்சம் மீதி இருந்த பழைய அணுக்களையும் மருந்து கொடுத்து ஒழித்திருந்தார்கள். பழையவர்கள் இருந்தால் புதிதாக வருகிறவர்களைச் சேர்க்க மாட்டார்களாம். அந்தப் பையை மாட்டி அவன் நெஞ்சில் இருந்த குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"எலும்புக்குள்ள போகணும்னு சொன்னாங்க. இப்ப ரத்தத்துலதான் உடறாங்க. அதுக்கு எப்படிடா வழி தெரியும்?" என்றேன்.

"டாக்டர்கிட்டக் கேட்டனே. அதுகளுக்கே வழி தெரியுமாம். ஆராச்சும் கொண்டுபோய் உடவேண்டியதில்லயாமா." அவனுக்குப் பேசவே முடியவில்லை, அப்படியும் விடவில்லை. "உன்ற அணுவாச்சே. உக்கடம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டாலும் கண்டக்டர்கிட்டச் சண்டை போட்டாச்சும் ஊடு வந்து சேந்துருமே."

அடுத்து வந்தவை வெறும் நாட்கள். பழையது போய்விட்டது, புதியது இன்னும் வேர் விடவில்லை. அவன் உடம்பைக் காக்க ஒரு ஆள் கிடையாது. வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கவே முடியாமல் கிடந்தான். மருந்துகள்தான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தன. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் கைகழுவி, உறை போட்டு, முகம் மூடிப் போவார்கள். அவன் முழங்கையில் முன்பு ஊசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு புண் இருந்தது. நான் அதைக் கண்ணாடி வழியாகவே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை, வீங்கவில்லை. டாக்டர் வெளியே வந்ததும் நான் சந்தோஷமாக, "புண்ணு படுசுத்தமா இருக்குதுங்க டாக்டர். சீழு ஒண்ணும் புடிக்கல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுதானுங்க எனக்குப் பயமே" என்றார். "சீழுங்கறது என்னன்னு நெனச்சீங்க? கிருமிகூடச் சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்கதானுங்க அது. சிவக்கறது, சூடாகறது, வீங்கறது எல்லாம் அவங்க வந்து நிக்கறதுக்கு அடையாளம். இவருக்கு வர ஆளே இல்லீங்களே. அதான் புண்ணு அப்படி இருக்குது."

அன்றைக்கு எனக்கு விழுந்தது சவுக்கடி. என் கண்ணில் குறையே இல்லாமல் பட்டதுதான் பெரிய குறையாக இருந்திருக்கிறது. போனில் தம்பியிடம் சொன்னபோது, "பாத்தியாக்கா, சீழ் புடிக்கறதுக்குக்கூட எனக்கு வக்கில்லாமப் போச்சு" என்றான். வழக்கம்போல அவனைத் திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை. போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நான் கும்பிடாத சாமியில்லை. கும்பிட்டுக்கொண்டே என் அணுக்களையும் திட்டினேன். இத்தனை வருஷம் என் உப்பைத் தின்றுவிட்டு அங்கே போய் என்ன தூங்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று மனசுக்குள் சத்தம் போட்டேன். ஒரு நாள் காலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, "வந்துட்டாங்க" என்றார். ஒறம்பரைதான் யாரோ வந்துவிட்டார்கள் என்று நான் எரிச்சலோடு எழுந்தேன்.

"உங்க ஆளுக வந்துட்டாங்க. ரத்தத்துல வெள்ளையணு தெரிய ஆரம்பிச்சிருச்சுங்க" என்றார்.

உள்ளே என் தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் எலும்புக்குள் என் ஆட்கள் பாயை விரித்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அந்த மமதை வந்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். வந்திருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி. எது நல்லது, எது கெட்டது என்று பழகுவதற்குப் பல மாதம் ஆகும். அவர்கள் இவனுடைய உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க அவர்களை அடக்கி வைக்கும் மருந்தும் ஓடுகிறது. அதனால் பஞ்சுத்தூசி ஆகாது. மண்ணைத் தொடக்கூடாது. கொதிக்க வைத்த தண்ணீர், சுடச்சுட வெந்த சோறு. கூட்டம் ஆகவே ஆகாது. பார்க்க வருகிறவர்கள் யாரும் பக்கத்தில் வரக்கூடாது.

பஞ்சுத்தூசி பறக்கிற சோமனூர் வீடு ஆகாது என்றதால் அவனை அவிநாசிக்கு என் வீட்டுக்கே கூட்டிவந்து மாடி அறையில் வைத்தோம். தறியை அவன் மனைவி தனியாளாக ஓட்டினாள். வாரத்துக்கு ஒருமுறை வருவாள், கீழேயே தலைக்குத் தண்ணீர் வார்த்து, சேலை மாற்றி, முகத்தை மூடிக்கொண்டு மேலே போவாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசி விதிக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

ஏனென்றால் சீக்கில் கிடப்பவனைப் போய்ப் பார்க்காமல் இருப்பது எங்கள் பக்கம் பெரும்பாவம். ஆரஞ்சும் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். சீக்காளியின் கட்டிலிலேயே உட்காருவார்கள், கையைப் பிடிப்பார்கள், இதே சீக்கு வந்து செத்துப்போன நாலு பேர் கதையைச் சொல்லிவிட்டு, "தைரியமா இருங்க" என்பார்கள். வராதவர்களுக்கு ஆயுசுக்கும் பேச்சிருக்கும். வந்தவர்கள் பார்க்காமல் திரும்பினால் பார்க்க விடாதவளுக்குப் பேச்சு. நான் அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ளத் தயாரானேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கேட்டில் பூட்டைப் போட்டு, சாவியைத் தாலிக்கொடியோடு கோத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, சித்த நேரம்தானுங்க, எட்ட நின்னு பாத்துப்போட்டுப் போயர்றோம்" என்பார்கள். "எட்ட நின்னுன்னா எவ்வளவு எட்டங்க? உங்க ஊர்ல இருந்தே பாத்துக்குங்க" என்பேன். பழத்தைக் கேட்டுத் தூணில் வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். கொரோனா வந்து போனதற்குப் பிறகு எல்லோரிடமும் மாஸ்க் இருந்தது, என்ன, தாடையில்தான் இருந்தது. தம்பிக்கு ரத்தம் கொடுத்துவிட்டாள் என்று இவளுக்குத் தலை கால் புரியவில்லை, திமிர் பிடித்து ஆடுகிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. உண்மைதான். திமிர் பிடித்துத்தான் ஆடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கேட்டுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் எங்கள் பெரியப்பா. அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேர் கல்யாணத்தையும் முன்னால் நின்று நடத்தியவர் அவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் அவிநாசியப்பர் கோயில் திருநீறு. பின்னால் வேன் நிறைய ஒறம்பரை, இளநீர்க் குலை.

"கேட்டத் தொற அம்மணி" என்றார்.

"பெரியப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆரையும் உள்ள உடவேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கறாங்க."

"ஆரையும்னா ஊராரச் சொல்லியிருப்பாங்க. நானென்ன கிருமியா அம்மணி?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்தார். அழுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். என் கண்ணுக்கு அந்தத் துண்டின் நுனி முன்பே ஈரமாக இருந்ததும், மூக்கு நுனி சிவந்திருந்ததும் தெரிந்தது. மனுஷனுக்கு நல்ல சளி. நான் கேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க பெரியப்பா! வாங்க, வாங்க! எப்ப வந்தீங்க?"

மாடியில் படுத்திருந்தவன் பெரியப்பா குரல் கேட்டு இறங்கி வந்துவிட்டான். முகத்தில் துணிகூட இல்லை. சாகக் கிடந்தவன், எத்தனை விதிகளைக் காது வலிக்கக் கேட்டவன், பெரியவர் வாசலில் நிற்கிறார் என்றதும் 'வாங்க' சொல்ல ஓடி வந்துவிட்டான். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் ஆட்கள் உயிரையும் கொடுப்பார்கள். கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டினான். நான் தடுப்பதற்குள் பெரியப்பா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "உள்ள போடா!" என்று வேன் அதிரக் கத்தினேன். அவன் கையை நானே பிடுங்கி உள்ளே தள்ளினேன். பெரியப்பாவைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க" என்றேன். எங்கள் குடும்பத்தில் அவரிடம் அப்படிப் பேசியவர் எவரும் இல்லை. அவர் திருநீற்றுப் பொட்டலத்தைத் தூணில் வைத்துவிட்டு வேனில் ஏறினார்.

தம்பியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தோல் உரிகிற மாதிரி கழுவினேன். ஆனால் அவன் அதற்குள் அதே கையால் கண்ணைத் துடைத்திருந்தான். ஓரிரு நாளில் மூக்கு ஒழுகியது, பிறகு உடம்பு கொதித்தது. காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "பெரியப்பாவ ஒண்ணும் சொல்லிராதக்கா." எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பயம்கூடக் கொஞ்சம் பின்னால் நின்றது. இத்தனை பாடுபட்டு எலும்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததை ஒரு 'வாங்க'வுக்குப் பறிகொடுக்கப் போகிறோமா?

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மருந்துகளைத் தொடங்கினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சளிக்காய்ச்சல்தான். ஆனா இவருக்கு அது நெஞ்சுக்குள்ள எறங்கிட்டா கஷ்டமுங்க. பாக்கலாம். உங்க ஆளுக சும்மா இல்ல, சண்டை போட்டுட்டுத்தான் இருக்கறாங்க. இந்தக் காய்ச்சலே அவங்க மூட்டுன அடுப்புதான்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு அவன் நெற்றியைத் தொடும்போதெல்லாம் அந்தச் சூட்டை நான் வேறு மாதிரி பார்த்தேன். முன்னே அந்தக் கண்ணாடி அறையில் கிடந்தபோது எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. இப்போது என் ஆட்கள் நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள், மருந்து வேறு கையைக் கட்டிப்போட்டிருக்கிறது, அப்படியும் நிற்கிறார்கள். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு உறைபோட்ட கையால் அவன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவனைத் தட்டினேனா அவர்களைத் தட்டினேனா என்று எனக்கே தெரியாது.

நெஞ்சுக்கு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் அவனுக்கு வியர்த்துக் கொட்டி, போர்வை நனைந்து, சூடு இறங்கியது. "பசிக்குதுக்கா, இட்லி கெடைக்குமா?" என்றான். டாக்டர் வந்து நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்காளுக பாஸ் ஆயிட்டாங்க" என்றார். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கைதட்டினேன்.

பிறகு அவனுக்குத் தடுப்பூசிகள் போடும் காலம் வந்தது. பழைய அணுக்கள் போனபோது சின்ன வயசில் போட்ட ஊசிகளின் ஞாபகமும் அவற்றோடு போய்விட்டதாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். ஊசி போடுகிற அறை குழந்தைகள் பிரிவில் இருந்தது. கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மீசை வைத்த என் தம்பியும் நடுவில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெண், "கொழந்தை எங்கீங்க, அம்மா வெச்சிருக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"நாந்தானுங்க கொழந்தை. அதா, அக்கா தூக்கியாந்திருக்குது" என்றான்.

ஊசி குத்தியதும் பக்கத்தில் இருந்த பிள்ளை வீரிட்டது. இவன் அந்தப் பிள்ளையிடம், "நாளைக்குக் கை வலிச்சாத்தான் நல்லது கண்ணு" என்று பாடம் நடத்தினான். ரத்த வகையும் மாறிவிட்டது. பி வகையாகப் பிறந்தவன் இப்போது என்னைப் போல ஓ. "கடைசியில என்னையும் உன்ற கட்சிக்கு இழுத்துட்ட" என்றான். வேறு எதிலும் இன்னும் என் கட்சிக்கு வரவில்லை.

ஒரு வருஷம் போல ஆன பிறகு, அடக்கி வைக்கும் மருந்துகளையெல்லாம் நிறுத்திவிட்டு, வெளியே போய்வரலாம் என்றார் டாக்டர். அவன் தன் வீட்டுக்குப் போனதும் செய்த முதல் காரியம், பெரியப்பாவைப் பார்க்கப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. காய்ச்சல் வந்த சேதி மட்டும் அவர் காதுக்குப் போயிருந்தது. நானும் போய்ப் பேசவில்லை. செய்தது சரி என்று எனக்குத் தெரியும், அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது.

தம்பி போய் வந்து சில நாள் கழித்து ஒரு பகலில் என் கேட்டுக்கு முன்னால் கார் நின்றது. பெரியப்பாவும் தம்பியும். தம்பி விறுவிறுவென்று உள்ளே வந்தான். பெரியப்பா கேட்டுக்கு வெளியே, வெயிலிலேயே நின்றுவிட்டார். கேட்டு திறந்துதான் கிடந்தது. பூட்டுப் போடுவதை நான் நிறுத்தி நாளாகிவிட்டது.

"நான் உள்ள வரல அம்மணி" என்றார் அங்கிருந்தே. முகத்தில் ரத்தம் இல்லை. "எங்க தோட்டத்துக்கு வந்தப்ப வேலிமுள்ளு ஏறிருச்சு போல. எங்கிட்ட அப்பவே சொல்லல. கையி என்னமோ மாதிரி இருக்குது. நானே கூட்டியாந்துட்டேன். நீயே பாரு. எல்லாம் என்னாலதான் வருது."

நான் தம்பியின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஆள்காட்டி விரல். நுனி புடைத்திருந்தது. சுற்றிலும் சிவப்பு. தொட்டால் சூடு. நட்டநடுவில், தோலுக்கு அடியில், மஞ்சளாக, மொட்டு விட்ட மாதிரி சீழ்.

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கும் புரிந்துதான் இருந்தது. காரில் வரும்போது பெரியப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல், என் முகத்தைப் பார்ப்பதற்காகவே வந்திருக்கிறான்.

"சீழ் புடிச்சிருக்குதுக்கா" என்றான். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவன் உதடு கோணியது.

டாக்டருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு அந்த அம்மாவும் சிரித்தார். கூட்டிவாருங்கள், சுத்தம் செய்து மருந்து தருகிறேன், பயப்பட ஒன்றுமில்லை, வேலை ஒழுங்காக நடக்கிறது என்றார். போனை வைத்துவிட்டு நான் திரும்பவும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை லட்சம் பீஸ் என் கைக்குள் வந்து போயிருக்கும். ஒரு கறையைப் பார்த்து நான் பூரித்துப்போனது அன்றைக்குத்தான். அந்த மஞ்சளுக்குள் செத்துக் கிடப்பவர்கள் என் ஆட்கள். என் எலும்பில் பிறந்து, வழி தெரியாத உடம்புக்குள் போய், வழி கண்டுபிடித்து, குடியேறி, ஒரு முள் குத்திய இடத்துக்கு ஓடி வந்து நின்று, என் தம்பிக்காகச் செத்திருக்கிறார்கள். மிச்சப் பேர் இன்னும் அந்தச் சிவப்பில் நின்றுகொண்டிருக்கிறார்கள். இதைவிட ஒருத்திக்கு என்ன பெருமை வேண்டும்?

பெரியப்பா வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தார். "என்ன அம்மணி, ரெண்டு பேரும் இப்படி அழுகறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போயரலாமா?"

நான் கேட்டுக்குப் போனேன். பாதி திறந்திருந்ததை முழுசாகத் திறந்து சுவரோடு தள்ளினேன்.

"வாங்க பெரியப்பா" என்றேன். "உள்ள வாங்க. மொதல்ல உக்காந்து தண்ணி குடிங்க."